எழுதிக் கொடுத்த சொல்: சமரச ஒப்பந்தமும் தவணை தவறிய கடனும்

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இரண்டாவது பொய்யாமை. அதனை நாவினால் பேசும் சொல்லுக்கு மட்டுமே உரியதாக நம்மிற் பலர் கருதிவிடுகிறோம். நம் ஆசாரியர்கள் அவ்வாறு கருதவில்லை. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இவ்விரதத்திற்கு ஊறு செய்யும் அதிசாரங்கள் ஐந்தினை எண்ணுமிடத்து, கூடலேகக் கிரியை, நியாசாபஹாரம் என்னும் இரண்டினையும் சேர்த்துள்ளார். முன்னது பொய்யான எழுத்தை உண்டாக்குதல். பின்னது ஒருவர் நம்பி வைத்த பொருளில், அவர் மறந்து குறைத்துக் கேட்குமிடத்து, எஞ்சியதைத் தனதாக்கிக் கொள்ளுதல். சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும் இவ்விரண்டையும் குறிக்கின்றது. ஆகவே எழுத்தும் கணக்கும் பொய்யாமை விரதத்தின் எல்லைக்குள்ளேயே அடங்குகின்றன என்பது தெளிவு.

இக்கருத்தை முன்வைத்து, நம் குடும்பங்கள் பலவற்றிற்குப் பயன்படக்கூடிய ஒரு பாடத்தை இங்கு எழுத முற்படுகிறோம். பங்காளிகளுக்குள்ளோ, வியாபாரக் கூட்டாளிகளுக்குள்ளோ பிணக்கு நேர்கிறது. பெரியோர் கூடிப் பேசி முடிக்கின்றனர். இன்ன தொகையை இத்தனை தவணைகளில் தருவதாக எழுத்து எழுதப்படுகிறது. சில தவணைகள் வருகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன. அப்பொழுது பெறவேண்டியவர் செய்யத்தக்கது யாது? நீதிமன்றம் செல்வது அஹிம்சைக்கும் பொறுமைக்கும் மாறாகுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்போம்.

எமது பிழையிலிருந்து ஒரு பாடம்

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு யாம் அடிக்கடி கூறிவந்தது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுங்கள் என்பதே. ஆதலின் எமக்கு நேரே தெரிந்த ஒரு குடும்பத்தின் செய்தியிலிருந்து தொடங்குகிறோம். பெயரும் ஊரும் வேண்டா.

கணவரை இழந்த அம்மையார் ஒருவர். அவருடைய கணவரும் கணவரின் தமையனாரும் சேர்ந்து நெல் மண்டி நடத்தி வந்தனர். இளையவர் காலமானபின், அவருடைய பங்கிற்காக அம்மையாருக்கு ரூ. 6,00,000 தருவதென்றும், மூன்று மாதத்திற்கு ஒரு முறை ரூ. 50,000 வீதம் பன்னிரண்டு தவணைகளில் தீர்ப்பதென்றும் பெரியோர் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிட்டனர். நான்கு தவணைகள் ஒழுங்காக வந்தன. ஐந்தாவது வரவில்லை. அம்மையார் எம்மிடம் வந்து, என்ன செய்யலாம் என்று கேட்டார். "பொறுத்திருங்கள் அம்மா, கோர்ட்டுக்குப் போனால் குடும்பம் உடைந்துவிடும்" என்றோம். நல்ல எண்ணத்தோடு கூறியதே. ஆயினும் சட்டம் அறியாது கூறிய சொல் அது.

அம்மையார் பொறுத்தார். ஐந்தாம் தவணை தவறி நாற்பத்து நான்கு மாதங்கள் கழித்து, மகளின் கல்லூரிச் செலவுக்கு வழியின்றி வக்கீலிடம் சென்றார். அவர் முதலில் கேட்டது தொகையை அன்று, தேதியைத்தான். 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறியதற்காக வழக்கிட மூன்று ஆண்டுகளே அவகாசம். தவணை ஒவ்வொன்றும் தவறிய நாளிலிருந்து அதற்கதற்குத் தனியே அக்காலம் ஓடுகிறது. அந்தக் கணக்கின்படி ஐந்து, ஆறு, ஏழாம் தவணைகள் காலங்கடந்தவையாயின. எமது அறிவுரையைக் கேட்டதனால் அவ்வம்மையார் ரூ. 1,50,000 இழக்கும் நிலை வந்தது. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

வீட்டில் இருக்கும் காகிதங்கள் அனைத்தையும் கொண்டுவருமாறு வக்கீல் கூறினார். பூஜை அலமாரியில் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. ஐந்தாம் தவணை தவறிய பதினான்காம் மாதத்தில் தமையனார் தம் கைப்பட எழுதியது. விளைச்சல் சரியில்லை, மீதமுள்ள எட்டுத் தவணைப் பணத்தையும் அடுத்த அறுவடைக்குப்பின் தந்துவிடுகிறேன் என்று எழுதித் தேதியிட்டுக் கையொப்பமும் இட்டிருந்தார். காலவரையறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, காலம் முடியுமுன் கடனாளி எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்கும். கடிதம் எழுதி முப்பது மாதங்களே ஆகியிருந்தன. எட்டுத் தவணைகளும், அதாவது ரூ. 4,00,000 முழுவதும், பிழைத்தன.

அக்கடிதம் கரையானுக்கு இரையாகியிருந்தால் என்னவாகியிருக்கும்? ஆகவே இதனை முதற் பாடமாகக் கொள்க. பொறுமை வேறு, காலத்தைக் கைவிடுதல் வேறு. பொறுக்க விரும்புவோர், கடனாளியிடம் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு பொறுக்கலாம். பகுதிப் பணம் பெறும்போதும், கொடுப்பவர் கையெழுத்திலோ கையொப்பத்துடனோ அதனைக் குறிக்கச் செய்தால், 19ஆம் பிரிவின்படி அந்நாளிலிருந்து புதுக்காலம் பிறக்கும். இதுவும் முன்காலம் முடியுமுன் நிகழ வேண்டும்.

சமரசம் மூவகை

சமரசம் எழுதப்பட்டுவிட்டது என்று கூறினால் போதாது; அது எவ்வகைச் சமரசம் என்று முதலில் அறிதல் வேண்டும். வகைக்கேற்ப வழி மாறும்.

முதல் வகை, நீதிமன்றத்திற்கு வெளியே எழுதிக்கொண்ட ஒப்பந்தம். மேற்கூறிய அம்மையாருடையது இவ்வகை. இது செல்லத்தக்க ஒப்பந்தமேயாயினும் தீர்ப்பு அன்று. தவணை தவறினால் இதனை வைத்துக்கொண்டு நேரே ஜப்தி கேட்க இயலாது. வழக்கிட்டு, தீர்ப்பாணை பெற்ற பின்னரே நிறைவேற்றம் கோர முடியும். எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி வரவேண்டிய நிச்சயமான தொகையாயின், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37ஆம் கட்டளைப்படி சுருக்கமுறை வழக்கிடும் வழியும் உண்டு. அதில் பிரதிவாதி பத்து நாட்களுக்குள் முன்னிலையாக வேண்டும்; எதிர்வாதம் செய்வதற்கும் நீதிமன்றத்தின் அனுமதி பெற வேண்டும்.

இரண்டாம் வகை, நடந்துகொண்டிருக்கும் வழக்கில் செய்துகொள்ளும் ராஜி. 23ஆம் கட்டளை 3ஆம் விதியின்படி, எழுத்தில் அமைந்து, இருதரப்பாரும் கையொப்பமிட்ட, சட்டத்திற்கு முரணில்லாத சமரசத்தை நீதிமன்றம் பதிவுசெய்து, அதன்படியே தீர்ப்பாணை வழங்கும். இருவரும் இசைந்து பெற்ற தீர்ப்பாணையின்மேல் மேல்முறையீடு இல்லை. தவணை தவறினால் புதுவழக்கு வேண்டா. நிறைவேற்று மனு போதும்.

மூன்றாம் வகை, மக்கள் நீதிமன்றத்தின் தீர்வாணை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அதனை உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணைக்குச் சமமாக்குகிறது. அது இறுதியானது, மேல்முறையீடு இல்லை. நீதிமன்றத்தில் இருந்த வழக்கு அங்கே முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். காசோலை வழக்கொன்று குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து மக்கள் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டு முடிந்தாலும், அத்தீர்வாணையை உரிமையியல் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம் என்று உச்சநீதிமன்றம் 2011ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், வீட்டில் பேசி முடித்தாலும், வழக்கு ஒன்று நிலுவையில் இருப்பின் அச்சமரசத்தை நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியில் மட்டும் எழுதிக்கொள்வோர், தவணை தவறியபின் மீண்டும் முதற்படியிலிருந்து ஏற நேரிடும்.

நிறைவேற்று மனுவின் படிகள்

நமது அம்மையாரின் வழக்கு மக்கள் நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டு, அங்கே முடிந்தது. ரூ. 4,00,000 எட்டுத் தவணைகளில் தருவதென்றும், தொடர்ந்து இரு தவணைகள் தவறினால் நிலுவை முழுவதும் நூற்றுக்கு 9 வட்டியுடன் உடனே தரவேண்டும் என்றும் தீர்வாணை அமைந்தது. இரண்டு தவணைகள் வங்கி மூலம் வந்தன. மூன்றாவதைத் தமையனார் வீட்டிற்கே வந்து ரொக்கமாகக் கொடுத்தார். நான்கும் ஐந்தும் தவறின. இம்முறை அம்மையார் காத்திருக்கவில்லை.

தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. தவணைகளாகக் கொடுக்கும்படி ஆணை இருப்பின், தவணை தவறிய நாளிலிருந்து அக்காலம் கணக்கிடப்படும். ஆயினும் பன்னிரண்டு ஆண்டுகள் உண்டே என்று இருந்துவிட்டால், கடனாளியின் சொத்து அதற்குள் கைமாறிவிடக்கூடும்.

மனு, தீர்ப்பாணை வழங்கிய நீதிமன்றத்திலேயே கொடுக்கப்படும். கடனாளியின் சொத்து வேறு நீதிமன்ற எல்லையில் இருப்பின், அங்கு மாற்றித்தரக் கேட்கலாம். மனுவில் தீர்ப்பாணையின் தேதி, தொகை, இதுவரை வந்த பணம், மீதி, வேண்டும் பரிகாரம் ஆகியவை இருத்தல் வேண்டும். தீர்ப்பாணை வழங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் கடனாளிக்கு முதலில் அறிவிப்பு அனுப்பப்படும்.

இவ்விடத்தில் ஒன்றை மனத்தில் இருத்துக. நிறைவேற்று நீதிமன்றம் பழைய வழக்கை மறுபடியும் விசாரிக்காது. அன்று வற்புறுத்தலால் ஒப்புக்கொண்டேன், தொகை அதிகம் என்பன போன்ற வாதங்களுக்கு அங்கே இடமில்லை. ஆணை யாது, எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு மீதி என்பனவே அங்குள்ள கேள்விகள்.

கடனாளியிடம் என்ன சொத்து உள்ளது என்று தெரியாவிடில், 21ஆம் கட்டளை 41ஆம் விதியின்படி, அவருடைய சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தருமாறு ஆணையிடக் கேட்கலாம். அவ்வாணையை மீறுவோரை மூன்று மாதங்கள் வரை உரிமையியல் சிறையில் வைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. சொத்து தெரிந்தபின் ஜப்தி. வங்கியில் உள்ள பணம், பிறரிடமிருந்து அவருக்கு வரவேண்டிய கடன், சரக்கு, மனை, நிலம் ஆகியன ஜப்திக்கு உட்படும். ஜப்தி செய்த பின்னர் அச்சொத்தைத் தனியே விற்றாலும், அவ்விற்பனை அந்த ஜப்தியின்கீழ் கோரப்படும் கடனுக்கு எதிராகச் செல்லாது. அதன்பிறகும் பணம் வராவிடில் ஏலம். ஏலத்திலும் கடனுக்கு வேண்டிய அளவுக்கு மேல் விற்றல் கூடாது.

சட்டத்திலும் இரக்கம் உண்டு

ஜப்தி என்றவுடன் அடுப்பங்கரைப் பாத்திரங்களை வீதியில் எறிவது போன்ற காட்சி நம் கண்முன் தோன்றுகிறது. சட்டம் அவ்வாறு அமையவில்லை. நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, அவசியமான உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கை, மதவழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணி, தொழிலாளியின் கருவிகள், உழவரின் ஏர் முதலிய கருவிகள், வாழ்வுக்கு வேண்டிய மாடுகள், விதைநெல் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்கியுள்ளது. உழவர் தாமே குடியிருக்கும் வீட்டிற்கும் இவ்விலக்கு உண்டு.

கைது குறித்தும் அவ்வாறே. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்தல் இயலாது. ஆடவரையும் ஏழ்மை என்னும் ஒரே காரணத்திற்காகச் சிறையிடல் ஆகாது. கொடுக்க வசதியிருந்தும் தீய எண்ணத்தால் மறுப்பவரையே சிறையிடலாம் என்று, ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் 1980ஆம் ஆண்டில் தெளிவுபடுத்தியது. ஆக, இயலாதவனை நசுக்குவது இச்சட்டத்தின் நோக்கமன்று. இயன்றும் ஏமாற்றுபவனைத் தடுப்பதே நோக்கம்.

காலதாமதம் பெருங்குறையே. தீர்ப்பைப் பெறுவதினும் அதன் பயனைப் பெறுதல் அரிது என்னும் குறைகூறல் நெடுங்காலமாக உள்ளது. 2021ஆம் ஆண்டில் ராகுல் எஸ். ஷா வழக்கில் உச்சநீதிமன்றம், நிறைவேற்று மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்குமாறும், இயலாவிடில் காரணத்தை எழுதுமாறும் கட்டளையிட்டுள்ளது. தாமதம் நேர்ந்தால் இதனை வக்கீல் வழியே நினைவூட்டலாம். மேலும், பெண்கள் அனைவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். வட்டச் சட்டப்பணிகள் குழுவை அணுகினால் வக்கீல் நியமித்துத் தருவர்.

ரொக்கமாக வந்த ரூ. 50,000

அம்மையாரின் நிறைவேற்று மனுவைத் தயாரிக்கையில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. இப்பாடத்தின் உயிர் இதில்தான் உள்ளது என்று கருதுகிறோம்.

நீதிமன்றத்திற்கு வெளியே கொடுக்கும் பணத்தை, 21ஆம் கட்டளை 2ஆம் விதிப்படி நீதிமன்றத்தில் தெரிவித்துப் பதிவு செய்தல் வேண்டும். பதிவாகாத பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் கொள்ளாது. தமையனார் ரொக்கமாகக் கொடுத்த மூன்றாம் தவணைக்கு ரசீதும் இல்லை, பதிவும் இல்லை. வங்கிக் கணக்கைப் பார்த்து வக்கீலின் குமாஸ்தா, இரண்டு தவணைகளே வந்தன, மீதி ரூ. 3,00,000 என்று எழுதிவிட்டார். அம்மையார் அதனைப் படித்துவிட்டு, மூன்று தவணைகள் வந்துள்ளன, மீதி ரூ. 2,50,000 என்று திருத்தச் சொன்னார். அருகில் இருந்த உறவினர் ஒருவர், "அவர்தான் உங்களை இத்தனை வருஷம் அலைய வைத்தாரே" என்றார். அம்மையார் எம் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, வாங்கிய பணத்தை வாங்கவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நாளைக்குக் கோயிலுக்குள் எப்படிப் போவேன்?" என்றார்.

கணக்கு திருத்தப்பட்டது. பின்னர் தமையனாரின் காலிமனை ஒன்று ஜப்தி செய்யப்பட்டது. அதுவரை அசையாதிருந்த அவர், மனுவின் நகலில் தாம் ரசீதின்றிக் கொடுத்த பணமும் வரவு வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு, நெடுநேரம் பேசாதிருந்தாராம். ஏலத்திற்கு முன்னரே இரு முறையாக வட்டியுடன் முழுத்தொகையையும் நீதிமன்றத்தில் செலுத்தினார். கடன் தீர்ந்ததாகப் பதிவாகி ஜப்தியும் நீங்கியது. அவரை மனம் மாற்றியது ஜப்தியா, அம்மையாரின் நேர்மையா என்று எமக்குக் கூறத் தெரியாது. அடுத்த தசலக்ஷண பர்வத்தில் இரு குடும்பத்தாரும் ஒரே ஜினாலயத்தில் அபிஷேகம் கண்டனர் என்பதை மட்டும் அறிவோம்.

நீதிமன்றம் செல்வது ஹிம்சையா?

நம் நூல்கள் ஹிம்சையை நான்காகப் பகுக்கின்றன. வேண்டுமென்றே செய்யும் ஸங்கல்பி ஹிம்சையை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும். இல்லப்பணியிலும் தொழிலிலும் நேர்வனவும், தற்காப்பில் நேரும் விரோதி ஹிம்சையும் இல்லறத்தாரால் முற்றும் தவிர்க்க இயலாதவை. அவற்றை இயன்ற அளவு குறைத்தலே அவர்க்குரிய நெறி. தன் மக்களின் உணவுக்கும் கல்விக்கும் உரிய பொருளைச் சட்டத்தின் வழியே கேட்டல் பழிவாங்குதல் ஆகாது. கேட்குங்கால் குரோதமும் மானமும் நம்மை ஆளாதிருத்தலே முக்கியம்.

மேலும், மைத்ரி, பிரமோதம், காருண்யம், மாத்யஸ்தம் என நான்கு பாவனைகளை ஆசாரியர் வகுத்துள்ளார். நல்லுரை ஏலாதவரிடத்து வெறுப்பும் கொள்ளாது, விருப்பும் கொள்ளாது, நடுநிலையில் நிற்றலே மாத்யஸ்தம். பேசியும் எழுதியும் கேளாதவரின் வழக்கை நடுவரிடம் ஒப்படைத்துவிட்டு, வீதியில் வசை பாடாது அமைதியாக இருத்தல் அப்பாவனைக்கு மாறானதன்று என்பதே எமது துணிபு. உத்தம க்ஷமை என்பது குற்றத்தைப் பொறுத்தல். குழந்தைகளின் சோற்றை விட்டுக்கொடுத்தல் அன்று.

கொடுக்க வேண்டியவர்க்கும் ஒரு சொல். தவணை தவறும் என்று தெரிந்த அன்றே சென்று, நிலையைக் கூறி, புதிய நாளை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். ஒளிந்து திரிதலே சிறு கடனைப் பெரும் பகையாக்குகிறது. பணம் கொடுத்தால் ரசீது பெறுங்கள். தீர்ப்பாணை இருப்பின் நீதிமன்றத்தில் பதிவு செய்விக்கத் தவறாதீர்கள். எல்லாரும் அவ்வம்மையாரைப் போல் இருப்பர் என்று எண்ணுதல் ஆகாது.

ஒப்பந்தம் எழுதுவோர் நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மொத்தத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுக.
2. தவணை ஒவ்வொன்றின் தேதியையும் தனித்தனியே குறிக்க. அறுவடைக்குப்பின், வசதிப்படி என்பன போன்ற சொற்கள் வேண்டா.
3. பணம் வங்கி மூலமே செல்லும் என்று எழுதுக.
4. எத்தனை தவணை தவறினால் முழுத்தொகையும் உடனே தரவேண்டும், வட்டி எவ்வளவு என்பதைத் தெளிவுபடுத்துக. இவ்விதி இருப்பின், தவறிய நாளிலிருந்து முழுத்தொகைக்கும் காலம் ஓடத் தொடங்கக்கூடும் என்பதையும் மறவாதீர்.
5. உரிய முத்திரைத்தாளில் எழுதுக. முத்திரை குறைந்தால், குறைந்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை தண்டமும் கட்ட நேரிடும்.
6. நிலம், வீடு ஆகியவற்றில் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரமாயின் பதிவு செய்க.
7. பக்கந்தோறும் கையொப்பமும், இறுதியில் சாட்சிகள் இருவரின் கையொப்பமும் பெறுக. ஆளுக்கொரு படி வைத்துக்கொள்க.

பயிற்சி வினாக்கள்

1. வெளியில் எழுதிய சமரசத்திற்கும் நீதிமன்றத்தில் பதிவான சமரசத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அம்மையாரின் ஐந்தாம் தவணை காலங்கடந்து போகாமல் காத்தது எது?
3. ரொக்கமாக வந்த பணத்தை மறைத்திருந்தால், பொய்யாமை விரதத்தின் எந்த அதிசாரத்திற்கு அது நெருங்கியதாகும்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒப்பந்தங்களில் தேதி கடந்துகொண்டிருப்பது உண்டா?

முதல் மூன்றிற்கும் விடை இக்கட்டுரையில் உள்ளது. நான்காவதற்கு உரிய விடை உங்கள் அலமாரியில்தான் உள்ளது. இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். ஐயமிருப்பின், எம்மைப் போன்றோரிடம் அன்று, சட்டம் கற்ற வக்கீலிடம் கேளுங்கள்.

அறம் வளர்க!